கோரிக்கை மனு: புகாரை முடித்துவைக்கப் புகார்தாரரின் ஒப்புதல் வேண்டும்

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தார்,
வட சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு குறித்த பொதுமக்கள் புகார்கள் – பணி முடியாமலேயே முடித்துவைக்கப்படுவது – புகார்தாரரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கவும், முடிக்கப்பட்ட புகார்களின் பட்டியலைப் பகுதி சபைகளில் (வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் கூட்டங்களில்) வாசிக்கவும் ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் தெருவில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து வருகிறது. அந்தக் குழாயைச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்பதற்காக இந்த மனுவை எழுதவில்லை. அதற்கான புகார்கள் உரிய இடத்தில் பதியப்பட்டு, உரிய எண்களைப் பெற்று, உரிய முறையில் முடித்தும் வைக்கப்பட்டுவிட்டன. தண்ணீர் மட்டும் நாறுகிறது.

புகார் எப்படி முடிகிறது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். பதிந்தவுடன் கைபேசிக்கு ஓர் எண் வருகிறது. இரண்டொரு நாளில், நடவடிக்கை எடுக்கப்பட்டுத் தீர்வு காணப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. யார் வந்தார், எங்கே தோண்டினார், எந்த அடைப்பை எடுத்தார் என்பதற்கு ஒரு வரியும் இருப்பதில்லை. வெவ்வேறு வீட்டார் வெவ்வேறு நாளில் கொடுத்த புகார்கள் ஒரே மாலையில் மொத்தமாக முடிந்ததையும் பார்த்திருக்கிறோம். ஒருமுறை சான்றாகப் படமும் இணைத்திருந்தார்கள். படத்தில் இருந்தது எங்கள் தெரு இல்லை. எங்கள் தெருவுக்கு அவ்வளவு அகலம் கிடையாது. விளக்கம் கேட்டால் புதிதாகப் புகார் பதியச் சொல்கிறார்கள். புதிய எண், புதிய தேதி. பழைய புகாரின் வயது அத்தோடு அழிந்துபோகிறது. மாதக்கணக்கில் நாறும் குழாய், கணினியில் எப்போதும் நேற்றுப் பிறந்த குறையாகவே இருக்கிறது.

இதற்காகக் களத்தில் இருக்கும் அலுவலர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே ஓடுகின்றன. குடிநீரோ நாளில் சில மணி நேரமே திறந்துவிடப்படுகிறது. மற்ற நேரத்தில் அழுத்தமில்லாமல் கிடக்கும் குழாய், விரிசல் வழியாகச் சுற்றியுள்ள கழிவுநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது அடைப்பு எடுக்கும் வண்டியால் தீரும் குறை அல்ல. குழாயை மாற்ற வேண்டும். அதற்கு மதிப்பீடு, நிதி, ஒப்பந்தம், சாலையை வெட்ட அனுமதி எல்லாம் வேண்டும். ஓர் உதவிப் பொறியாளரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படுவது என்ன? எத்தனை புகார் நிலுவை, எத்தனை நாளில் முடித்தீர்கள் என்பதே. "குழாய் மாற்றாமல் இது தீராது, நிதி தேவை" என்று உண்மையை எழுதினால் நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் ஏறுகிறது. "தீர்வு காணப்பட்டது" என்று எழுதினால் இறங்குகிறது. வேகத்தை மட்டும் அளந்தால் வேகம்தான் கிடைக்கும். அந்தப் பொறியாளரும் பாவம், வேறென்ன செய்வார்?

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது: புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புகாரும் முடிக்கப்படக் கூடாது. இதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. சமையல் எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது நம் கைபேசிக்கு வந்த எண்ணைச் சொன்னால்தான் விநியோகம் பதிவாகிறது. அதே ஏற்பாட்டைப் புகார்களுக்கும் செய்யலாம். கைபேசி இல்லாதவர்களிடம் ஒரு சீட்டில் கையொப்பம் வாங்கினால் போதும். எங்கள் தெருவில் குடம் தூக்கும் பெண்களில் பலர் மகனுடைய எண்ணிலோ பக்கத்து வீட்டு எண்ணிலோ புகார் பதிகிறார்கள். சீட்டு முறை இல்லாவிட்டால் அவர்கள் குரல் இதிலும் விடுபட்டுவிடும்.

பணி உண்மையாகவே முடிந்த பிறகும் வேண்டுமென்றே ஒப்புதல் தராதவர்கள் இருப்பார்கள் என்று தங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். இருப்பார்கள்தான். அத்தகைய புகாரை அடுத்த நிலைப் பொறியாளர் நேரில் பார்த்து, காரணத்தைத் தம் பெயருடன் எழுதி முடித்துவைக்கட்டும். மறுபடி எழும் குறை பழைய எண்ணிலேயே, பழைய தேதியுடனேயே திறக்கப்பட வேண்டும். "தீர்ந்தது", "நிலுவை" என்ற இரண்டு நிலைகளோடு மூன்றாவதாக "நிதி அல்லது பிற துறை அனுமதி தேவை" என்ற நிலையும் வேண்டும். அந்த நிலையில் பதிவு செய்யும் பொறியாளரின் பணி மதிப்பீடு அதனால் குறையக் கூடாது. அந்த ஒரு தலைப்பில் சேரும் புகார்களை வரைபடத்தில் குறித்தாலே, சென்னையில் எந்தக் குழாயை முதலில் மாற்ற வேண்டும் என்பது ஆலோசகர் அறிக்கை இல்லாமலே துறைக்குத் தெரிந்துவிடும்.

தாமதத்துக்கு அபராதம் என்பது வேறொரு வழி. மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவைகள் உத்தரவாதச் சட்டத்தை இயற்றி, தாமதிக்கும் அலுவலரின் கையிலிருந்தே அபராதம் பிடிக்க வகை செய்தது. ஒரு கையெழுத்தில் முடியும் சாதிச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அது பொருந்தும். பல கைகள் சேர்ந்து செய்ய வேண்டிய குழாய்ப் பணிக்கு அபராதம் விதித்தால் பொய்யான முடிப்புகள் இன்னும் பெருகும் என்பது எங்கள் எண்ணம். ஆகவே அதை நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது முன்னுதாரணம் இல்லாததும் அன்று. பெங்களூருவில் பொது விவகார மையம் என்ற அமைப்பு, டாக்டர் சாமுவேல் பால் தலைமையில், 1994இல் நகரச் சேவைகளுக்கு மக்களே மதிப்பெண் போடும் அறிக்கையை வெளியிட்டது. மதிப்பெண்கள் படு மோசம். 1999இல் மீண்டும் கேட்டபோது சிறிதளவே மாற்றம். 2003இல் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. முடித்தேன் என்று அலுவலகம் சொல்வதையும் கிடைத்தது என்று மக்கள் சொல்வதையும் தனித்தனியே கணக்கெடுத்து அருகருகே வைப்பதுதான் அதன் பலம். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கென அரசு ஒதுக்கிய தலைவீத (மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்ற) மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பப்பட்ட தொகை செய்தித்தாள்களில் அச்சாகி, பள்ளிச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. 2001இல் 80 சதவீதத்துக்கும் மேல் சென்றடைந்தது. செய்தித்தாள் மட்டுமே காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வேறு சீர்திருத்தங்களும் அப்போது நடந்தன. ஆனால் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதே தெரியாத தலைமையாசிரியர் யாரிடம் போய் என்ன கேட்பார்?

எங்களுக்கு மிக நெருக்கமாகப் படுவது ராஜஸ்தான். 1994–95இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அங்கே பொது விசாரணைகளை நடத்தியது. செய்தது எளிய காரியம்: அரசுப் பணிகளில் வேலை செய்தவர்களின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத கட்டடம் கட்டப்பட்டதாகக் கணக்கில் இருந்ததும் அங்கேயே வெளிப்பட்டன. தாளில் இருந்தவரை யாருக்கும் தெரியாத பொய், அந்த ஊர்க்காரர் காதில் விழுந்த உடனே பிடிபட்டது.

சென்னையில் அப்படி வாசிப்பதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் அரசே விதிகள் வகுத்து, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்களையும் நடத்தியது. மாநகரின் 200 வார்டுகளிலும் இவை உயிரோடு இயங்க வேண்டும். கூட்டம் நடப்பது எங்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. தெரிந்து போனாலும் வரவேற்புரை, பொன்னாடை, தீர்மானம் என்று முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டத்திலும் முந்தைய கூட்டத்துக்குப் பின் அந்தப் பகுதியில் முடிக்கப்பட்ட புகார்கள், தெருவாரியாக, என்ன பணி எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்ற விவரத்துடன் முதல் நிகழ்வாக வாசிக்கப்பட வேண்டும். புகார்தாரர்களின் பெயரும் எண்ணும் வேண்டாம்; பெயர் தெரிந்தால் புகார் கொடுக்கவே அஞ்சுவார்கள். கூட்டத்தில் மறுக்கப்படும் பதிவுகள் அங்கேயே மீண்டும் திறக்கப்பட்டு, நடவடிக்கைக் குறிப்பில் சேர வேண்டும். குடிநீர், சாலை, மின்சாரம் ஆகியவற்றின் பொறியாளர்கள் அன்று ஒரே மேசையில் அமர்ந்தால், ஒரு பள்ளத்துக்கு மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டுவதும் குறையும்.

இந்தப் பட்டியலைப் பெற இப்போது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கேட்காமலே தகவலை வெளியிடும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு விதிக்கிறது. அந்த மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தலைமைச் செயலகத்துக்கு எழுதும் மனு, "தக்க நடவடிக்கைக்காக" என்ற முத்திரையுடன் படிப்படியாக இறங்கி, யார் மீது குறை சொன்னோமோ அந்த அலுவலகத்துக்கே வந்து சேர்வது வழக்கம். இம்மனுவை அவ்வாறு அனுப்ப வேண்டாம். இதில் கேட்டிருப்பது கொள்கை முடிவு. தங்கள் நிலையில்தான் எடுக்க முடியும். முதற்கட்டமாக ஒரு மண்டலத்தில் ஆறு மாதம் சோதித்துப் பார்க்க ஆணையிட்டாலும் மகிழ்வோம். ஒப்புதல் சீட்டு வாங்கும் பணியில் எங்கள் சங்க உறுப்பினர்கள் ஊதியமின்றி உதவுவார்கள். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015ஆம் ஆண்டு அரசாணையின்படி 3 நாட்களுக்குள் ஒப்புகையையும் ஒரு மாதத்துக்குள் பதிலையும் எதிர்பார்க்கிறோம். இயலாது என்பதே பதிலானால், எந்தக் கோரிக்கை எந்தக் காரணத்தால் இயலாது என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கச் செயலாளர் மற்றும் தெருவாசிகள்

இடம்: சென்னை

இணைப்பு: தெருவாசிகளின் கையொப்பங்கள், "தீர்வு காணப்பட்டது" எனக் குறிக்கப்பட்ட புகார்களின் குறுஞ்செய்தி நகல்கள், எங்கள் தெருவின் புகைப்படமும், எங்கள் தெரு எனக் காட்டப்பட்ட புகைப்படமும்.

நகல்: எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, அடுத்த பகுதி சபைக் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டி.