எல்லையைக் காட்டும் ஒரு சொல்

குமுளி

அன்பு நண்பருக்கு,

கம்பத்தில் முதல்போக நடவு முடிந்த செய்தி மனத்திற்கு நிறைவளித்தது. இங்கே மழை விட்டபாடில்லை. ‘பெரிலஸ்லி’ (perilously), ‘டேஞ்சரஸ்லி’ (dangerously) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் அகராதி ‘ஆபத்தாக’ என்றே பொருள் தருகிறதே, வேறுபாடு என்ன என்று உங்கள் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி.

கொண்டை ஊசி வளைவில் முந்திச் செல்லும் ஜீப் ஓட்டுநரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் ‘டேஞ்சரஸ்லி’ ஓட்டினார் என்போம். அங்கே ‘பெரிலஸ்லி’ அவ்வளவாகப் பொருந்தாது. அது பெரும்பாலும் ‘குளோஸ்’ (close, அருகில்), ‘லோ’ (low, குறைவு), ‘தின்’ (thin, மெல்லிய) போன்ற சொற்களுக்கு முன்னால் நின்று, கேடு தொடங்கும் எல்லைக்கு ஒன்று எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று காட்டும். ‘ஆபத்தாகக் குறைவு’ என்று அதை மொழிபெயர்த்தால் தமிழாகாது. ‘மயிரிழையில்’, ‘இன்னும் ஓரடி நகர்ந்தால் பள்ளம்’ என்றெல்லாம் நாம் சொல்வதே அதன் உயிர். வேரும் வேறுதான்: ‘பெரில்’ என்பதன் லத்தீன் மூலத்திற்குச் சோதனை, முயற்சி என்ற பொருள்கள் உண்டு, ‘எக்ஸ்பெரிமென்ட்’ அதன் உறவு, ‘டேஞ்சர்’ ஆண்டானைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, பிறர் அதிகாரத்துக்கு உட்பட்டிருத்தலே அதன் பழம்பொருள்.

பேத்திக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. நீர்மட்டம் அந்த அளவை நெருங்கியது என்பது அளந்து சொல்லும் செய்தி. ‘பெரிலஸ்லி’ நெருங்கியது என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், அந்த ஒரு சொல்லிலேயே எழுதியவரின் முடிவு புகுந்துவிடுகிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் இருப்பவர்களுக்கு அது இரவில் உறக்கம் கெடுக்கும் உயரம். உங்கள் பள்ளத்தாக்கிலோ அதே உயரம் இரண்டாம் போகத்திற்கான நம்பிக்கை. இரு பக்கமும் எனக்கு உறவுகள் இருப்பதால், எவருடைய அச்சத்தையும் எவருடைய பயிரையும் சிறிதாக எண்ண என்னால் முடியாது. ஆகவே இந்தச் சொல்லை எழுதுமுன், எது எல்லை, யாருக்குக் கேடு என்ற இரண்டையும் அதே வாக்கியத்தில் சொல்ல அவள் பழகட்டும்.

அப்படி அவள் எழுதும் வாக்கியங்கள் நான்கைந்தை அடுத்த கடிதத்தோடு அனுப்பி வையுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்