கடலை போடப் போகும் மகளுக்கு

குப்பம்
பங்குனி மாதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வேர்க்கடலை போடப் போவதாகச் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனை வாங்கிக்கொண்டு புளிக்குழம்புக்குப் போய்விட்டாள். அப்புறம் உனக்கு ஆபீஸ் நேரம் வந்துவிட்டது. விவசாயத்தைப் போனில் சொல்லவும் முடியாது, பாதி காற்றில் போய்விடும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். சின்னவனுக்கும் படித்துக் காட்டு. ஆசை அவனுடையதுதானே.

பெக்கான் மரத்தடியில் இடம் சும்மா கிடக்கிறது என்றாயே, அது வேண்டாம். கடலைக்கு நிழல் ஆகவே ஆகாது. காலையிலிருந்து குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் விழவேண்டும், எட்டு மணி நேரம் விழுந்தால் இன்னும் நல்லது. நிழலில் போட்டால் செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போகும், இலை பச்சைப்பசேல் என்று இருக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். பிடுங்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நெட்டையாகப் போனால் ஏன் காய் பிடிக்காது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மண் விஷயம். உங்கள் டல்லாஸ் மண் கறுப்பு, காய்ந்தால் வெடிக்கிறது, நனைந்தால் செருப்போடு கிளம்பி வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நம்ம கணக்கில் அது கரிசல். பருத்திக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. கடலை மட்டும் அதில் மல்லுக்கட்டும். காய்ந்து இறுகிய களியில் காய் இறங்காது. இறங்கினாலும் பிடுங்கும்போது செடி கையோடு வரும், காய் மண்ணிலேயே நிற்கும். நம்ம மேட்டு நிலத்துச் செம்மண்ணில் மணல் கலந்திருப்பதால்தான் இரண்டு கையால் ஒரு இழு இழுத்தால் கொத்தோடு வருகிறது. ஆகவே நீ தரையோடு போராடாதே. எட்டடி நீளம், நாலடி அகலம், ஒரு அடி உயரத்தில் பலகைப் பெட்டி ஒன்று அடித்து, மணல் கலந்த மண்ணை வாங்கி நிரப்பு. நாலு பங்குக்கு ஒரு பங்கு மக்கிய எரு போதும். மண் புட்டுக்குப் பிசைந்த மாவு பதத்தில் இருக்கவேண்டும்: பிடித்தால் பிடிபடவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும்.

நம்ம மண்ணிலேயே ஒரு பை கட்டி அனுப்பலாமே என்று உங்கம்மா சொன்னாள். விமான நிலையத்திலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றேன். அவளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

விதைக்கு வருவோம். வறுத்தது முளைக்காது, இதைச் சின்னவனிடம் முதலிலேயே சொல்லிவிடு. இந்தியக் கடையில் உடைத்த பருப்பு கிடைக்கும், ஆனால் அது எத்தனை நாள் மூட்டையில் கிடந்ததோ. ஓட்டோடு இருக்கிற வறுக்காத காயாகப் பார்த்து வாங்கு. விதைக்கென்றே விற்பது கிடைத்தால் அதுதான் உத்தமம். கேட்கும்போது கொத்து ரகமா படரும் ரகமா என்று கேள். உங்கள் பக்கத்தில் ஸ்பானிஷ் என்று சொல்வது கொத்து ரகம். நாம் போடுகிற கதிரி-6, உன் தாத்தா போட்ட டிஎம்வி-2 எல்லாம் அந்த ஜாதிதான். டிஎம்வி-2 திண்டிவனத்தில் 1940-ல் வெளியிட்ட ரகம். எங்கள் சின்ன வயதில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க அதுதான். படரும் ரகம் ஐந்து மாதம் வரை கேட்கும், பையனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

விதைக்கிற வாரத்தில்தான் ஓட்டை உடைக்கவேண்டும், அதுவும் கையால். பருப்பின் மேலே இருக்கிற சிவப்புத் தோல் கிழிந்திருந்தால் அதை வாயில் போட்டுக்கொள், மண்ணில் போடாதே. தோல் போனால் முளைப்பதற்கு முன்பே அழுகும். போன ஆடியில் ஒரு கடையில் வாங்கிய விதையில் பாதி மெஷினில் உடைத்து தோல் உரிந்தது. வயலில் சால் சாலாக வழுக்கை விழுந்தது. கேட்டதற்கு மழை சரியில்லை என்றார்கள். மழை அவர்களுக்கு மட்டும் ரொம்ப உதவி.

ஒரு பருப்பைப் பிளந்து பையனுக்குக் காட்டு. ஒரு முனையில் குட்டி மூக்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் இரண்டு இலை மடங்கி இருப்பது கண்ணுக்கே தெரியும். வேர் அந்த முனையிலிருந்துதான் கிளம்பும். அந்த முனை கீழே இருக்கும்படி ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்தில் போடு. வரிசைக்கு வரிசை ஒரு அடி. செடிக்குச் செடி நாங்கள் நாலு அங்குலம் விடுகிறோம், நீ ஆறு அங்குலமே விடு, பெட்டிக்குள் காற்று போகட்டும்.

நமக்கு ஆடிப்பட்டம். உனக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மண் சூடேறியிருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம், குளிர்ந்த ஈர மண்ணில் விதை ஊறிக் கெட்டுவிடும். சித்திரை பிறந்த பிறகு போடு. ஒரு வாரம், பத்து நாளில் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரும். அந்தப் பத்து நாள்தான் காவல் வேண்டும். இங்கே காக்காய், மயில், அப்புறம் காட்டுப்பன்றி. கௌண்டின்யா காட்டு யானைகள் இந்தப் பக்கம் வந்தால் கடலை, ராகி என்று பார்க்காமல் மிதித்துவிட்டுப் போகும். உனக்கு அணில். அங்கத்து அணில் பூனைக்குட்டி அளவு இருக்கிறதே, போட்டோவில் பார்த்தேன். அது நீ புதைத்ததை எல்லாம் தனக்காகப் புதைத்தது என்று நினைத்துக்கொள்ளும். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையை மேலே கவிழ்த்து வை.

உரம் என்று ஏதோ மூட்டை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். புல்தரைக்குப் போடுகிறது என்றால் அதைத் தொடாதே. கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், வேரில் இருக்கிற ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் அந்த வேலையைச் செய்கிறது. நீ மேலே யூரியா கொட்டினால் அது வேலையை நிறுத்திவிடும், செடியும் இலையாகவே வளரும். ஆனால் உன் பெட்டி மண் புது மண், அதில் அந்த நுண்ணுயிர் இல்லாமல் இருக்கலாம். கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் ஒரே வகைதான், விதைக்கடையில் பொடியாகப் பாக்கெட்டில் கிடைக்கும். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்திப் போடு. ஒரு மாதம் கழித்து ஓரத்தில் இருக்கிற ஒரு செடியைப் பிடுங்கிப் பார். வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது, நீ உர மூட்டையை மாப்பிள்ளை புல்லுக்கே கொடுத்துவிடலாம்.

இருபத்தைந்து, முப்பது நாளில் பூ வரும். மஞ்சள் பூ, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். காலையில் விரிவது சாயங்காலத்துக்குள் வாடிவிடும். வாடினதைப் பார்த்துப் பையன் அழுதால் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த இடத்தையே ஒரு வாரம் பார்க்கச் சொல். பூ இருந்த கணுவிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு ஊசி கிளம்பும். மேலே போகாது, மண்ணைப் பார்த்தே வளரும். அதன் நுனியில்தான் காயாகப் போகிற கரு இருக்கிறது. மண்ணுக்குள் ஒன்றிரண்டு அங்குலம் போய், இருட்டு கிடைத்த பிறகு படுக்கைவாட்டில் திரும்பி, அங்கே ஊதிக் காயாகும். மண்ணைத் தொடாத ஊசி அந்தரத்திலேயே காய்ந்து போகும். நிழலில் நெட்டையாகப் போன செடியில் காய் இருக்காது என்றேனே, இதனால்தான். உயரத்தில் பூத்த பூவின் ஊசிக்குத் தரை எட்டாது.

அதனால் பூ தொடங்கியதும் களையை எல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டு, செடியின் அடியில் இரண்டு பக்கமும் உதிரி மண்ணை அணைத்துவிடு. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடவேண்டும். அதற்குப் பிறகு மண்ணில் கை வைக்கக்கூடாது. கொத்தினால் இறங்கிய ஊசி அறுந்துவிடும். காய் வந்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிற ஆள் நம்ம வீட்டில் ஒருவர் இருந்தார், பெயர் சொல்லவில்லை, இப்போது டல்லாஸில் இருக்கிறார். அவருடைய பிள்ளையும் அப்படித்தான் இருப்பான். அவனுக்கென்று ஒரு மூலையில் இரண்டு செடியை ஒதுக்கிவிடு, அதைத் தோண்டட்டும்.

மண் அணைக்கிற அன்றைக்கே ஜிப்சம் போடு. இங்கே ஏக்கருக்கு 200 கிலோ போடுகிறோம். உன் பெட்டிக்கு 150 கிராம் போதும், செடியின் அடியில் தூவி மண்ணோடு கலந்துவிட்டுத் தண்ணீர் விடு. அதில் இருக்கிற சுண்ணாம்புச்சத்துதான் கடலைக்கு உயிர். வேர் எடுக்கிற சுண்ணாம்பு இலைக்குப் போய்விடும், அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. காய் தன்னைச் சுற்றி இருக்கிற மண்ணிலிருந்து தானே உறிஞ்சவேண்டும். அது கிடைக்காவிட்டால் ஓடு பெரிதாக இருக்கும், உடைத்தால் பொக்கு. எத்தனையோ பேர் விதைக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு பண்ணிவிட்டு, இந்த மலிவான ஜிப்சத்தில் மிச்சம் பிடிப்பார்கள். எனக்குப் புரியாத சிக்கனம் இது.

தண்ணீர் அளவாக விடு. சின்னச் செடியாக இருக்கும்போது கொஞ்சம் காய்ந்தால் பரவாயில்லை, வேர் ஆழமாகப் போகும். பூ வந்ததிலிருந்து காய் முற்றும் வரை காயவிடாதே. உங்கள் ஊரில் ஜூலையில் 38 டிகிரியைத் தாண்டும் என்கிறாய், அப்போது மேல் மண் இறுகினால் ஊசி குத்தி இறங்க முடியாது. விடிகாலையில் அடியில் விடு. சாயங்காலம் குழாயைப் பிடித்து இலை மேல் பீய்ச்சாதே, ராத்திரி முழுக்க இலை நனைந்திருந்தால் புள்ளி நோய் வரும். மஞ்சள் வளையத்துக்கு நடுவே கறுப்புப் பொட்டு விழுந்த இலையைப் பார்த்தால் அன்றைக்கே கிள்ளி எறிந்துவிடு. கம்பளிப்புழு உங்களுக்கு வராது என்று நினைக்கிறேன். இங்கே முதல் மழைக்கு அடுத்த வாரமே அது வந்துவிடும், அந்தக் கதையை எழுதினால் இன்னும் நாலு பக்கம் ஆகும்.

பையனுக்கு இன்னொரு வேடிக்கை. இருட்டின பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நாலு சிற்றிலையும் ஒன்றோடொன்று சேர்த்து மூடித் தூங்கிக்கொண்டிருக்கும். காலை வெயில் பட்டதும் விரியும்.

நூறு நாள் தாண்டினதும், சும்மா நாளை எண்ணிக்கொண்டு பிடுங்கிவிடாதே. ஒரு செடியை மட்டும் எடுத்து நாலு காயை உடை. ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. கறுப்பும் பழுப்புமாகக் கறை விழுந்திருந்தால் முற்றியாகிவிட்டது. முக்கால்வாசிக் காயில் கறை இருந்தால் பிடுங்கலாம். ரொம்பவும் விட்டுவைக்காதே, கொத்து ரகத்துக்கு உறக்கம் கிடையாது. நடுவில் ஒரு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைக்கத் தொடங்கிவிடும். செடிக்கு இருபது காய் இருந்தால் நல்ல விளைச்சல் என்று வைத்துக்கொள்.

பிடுங்கின அன்றைக்குப் பாதியை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றுவிடுங்கள். அதுக்குத்தானே இவ்வளவும். மீதியைச் செடியோடு தலைகீழாகக் கவிழ்த்து, காய் வெயிலைப் பார்க்கும்படி இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அப்புறம் காயை ஆய்ந்து பரப்பு. காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு குலுங்கவேண்டும். இதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் வருகிற அஃப்ளாடாக்ஸின் ஈரலைக் கெடுக்கிற விஷம். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் அது கண்டுபிடிக்கப்பட்டது, அவற்றின் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்தது. பச்சையாகப் பூத்த பருப்பை, கசக்கிற பருப்பை வறுத்தாலும் தின்னக்கூடாது. மாட்டுக்கும் ஆகாது.

அப்புறம் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கடலையைக் கொடுத்தனுப்பாதே. அங்கே சில பிள்ளைகளுக்குக் கடலை பட்டாலே மூச்சடைக்கும் என்று நீதான் முன்பு சொன்னாய். ஊர் முழுக்கக் கடலையில் வளர்ந்த நமக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு. காய்ந்த கொடியை எறியாதே என்று எழுத வந்தேன், உனக்கு மாடு இல்லை. பொடியாக வெட்டி அந்தப் பெட்டி மண்ணிலேயே புதைத்துவிடு.

நல்ல திரண்ட காயாக ஒரு படி தனியே எடுத்து ஓட்டோடு துணிப்பையில் கட்டி வை, அடுத்த வருஷ விதை. பெட்டி அடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடு. எந்தப் பக்கம் கிழக்கு என்று அதிலேயே எழுது, நிழல் எப்படி விழும் என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: புளிக்குழம்பில் வெல்லம் கடைசியில்தான் போடவேண்டுமாம். எழுதச் சொன்னாள்.