கூந்தன்குளத்துக் கரைக்கும் எங்கள் தெருவுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் போன வியாழக்கிழமை முடிந்தது. துட்டி கேட்க வந்தவர்களிடமோ, நீர்மாலைக்குக் கூட வந்து நின்றவர்களிடமோ அன்றைக்கு ஒரு வார்த்தை பேச எங்களால் முடியவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க விடாமல், மூன்று நாளும் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தெருக்காரர்களிடமும்தான். அதற்காகத்தான் இந்த மடல்.

அப்பா மின்வாரியத்தில் 32 வருடம் லைன்மேன். கம்பத்தில் ஏறிய நேரம் போக மிச்ச நேரமும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பியில் உரசாத காக்கைக் கூடு என்றால், குஞ்சு பறக்கும்வரை யாரையும் கலைக்க விடமாட்டார். எங்களுக்கு லீவு விட்டால் மணிமுத்தாறு, பாபநாசம், அகத்தியர் அருவி. அம்மா புளியோதரை கட்டுவார், அப்பா எங்களை வரிசையாக அருவியில் நிறுத்தித் தலை துவட்டிவிடுவார். வேறு ஊர் சுற்றிப் பார்த்ததில்லை, ஆசைப்பட்டதும் இல்லை. கோடையில் ஆறு பேரும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால், இருட்டில் கத்துகிற பறவை எது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள் தூங்கியே போவோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு தவறாமல் பறவை பார்க்கக் கூந்தன்குளம். விடிகாலை நாலரைக்கு டிவிஎஸ் எக்ஸெல்லை உதைத்துவிடுவார். பைனாகுலரின் வார் அறுந்தபோது, லைன் வேலையில் மிஞ்சிய கறுப்பு வயரை முறுக்கிக் கட்டியிருந்தார். கடைசிவரை அதே வயர்தான்.

அந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வீட்டு வாசல் மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும், எச்சமும் நாற்றமும் இருந்தாலும் யாரும் விரட்டுவதில்லை, பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே காப்பாற்றி வருபவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான் என்பதை அழுத்திச் சொல்வார். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அந்தக் குளம் சேர்ந்துவிட்டது என்று 2022-இல் செய்தி வந்த அன்று, ஒரு கிலோ அல்வா வாங்கிப் பழைய ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். சொந்தப் பேத்தி பாஸான மாதிரி ஒரு சந்தோஷம்.

எங்களுக்கு ஒரே கவலை, இந்த வயதில் தனியாகப் போகிறாரே என்பதுதான். அவருக்கு முடியாமல் போன நாளுக்கு முந்தின ராத்திரிகூட போனில் சத்தம் போட்டேன். "தனியா எங்கம்மா போறேன்? அங்க எல்லாரும் நம்ம ஆட்கதான்" என்றார். நான் நம்பவில்லை.

மறுநாள் காலையில் கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆடு மேய்க்க வந்த பெரியவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். தன் தலைப்பாகைத் துண்டை மடித்து அப்பா தலைக்குக் கொடுத்துவிட்டு, ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார். ஆட்டோத் தம்பி, அப்பா பறவைக் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் அம்மாவின் நம்பர் இருப்பதைக் கண்டுபிடித்துப் பேசினார். எதிரே வந்த 108-இல் ஏற்றிவிட்டும் திரும்பிப் போகாமல், பாளையங்கோட்டைவரை பின்னாலேயே வந்தார். நாங்கள் போய்ச் சேரும்வரை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றது அவர்தான். வாடகையைக் கையில் திணித்தும் வாங்கவில்லை.

அப்புறம் 11 நாள். ராத்திரி ராத்திரி முறை வைத்து வராண்டாவில் படுத்த செக்‌ஷன் ஆபீஸ் அண்ணன்மார்களே, அப்பா கேட்டார் என்பதற்காகக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொடுத்த நர்ஸம்மா, உங்களையெல்லாம் மறக்க மாட்டோம்.

அந்த நோட்டில், கடைசியாகக் கரைக்குப் போன அன்றைய பக்கத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது. வரித்தலை வாத்து 43. டீக்கடைப் பாக்கி 12 ரூபாய். பாக்கியைக் கொடுக்க என் தம்பி போனபோது, கடைக்கார அக்கா வாங்காமல், உள்ளேயிருந்து அப்பாவின் பிளாஸ்க் மூடியை எடுத்துத் தந்தாராம். இமயமலையைத் தாண்டி வருகிற அந்த வாத்தைப் பற்றி அப்பா சொன்ன கதையை, அங்கே நின்ற ஒரு சின்னப் பையன் அப்படியே திருப்பிச் சொன்னானாம். அப்பா சொன்னது நிஜம்தான். அவர் ஒருநாளும் அங்கே தனியாக இருந்ததில்லை. அவரைப் பார்த்துக்கொண்டதற்கு உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆட்டுக்காரப் பெரியவருக்கு யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது. அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு எடுத்து வருகிறோம்.