டோன்ஹாலே போஸ்டர்கள் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் டிசைன் படிப்பில் சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அவள் சுவரில் ஒட்டியிருக்கும் ஜோசப் முல்லர்-ப்ராக்மன் என்ற கிராஃபிக் டிசைனரின் போஸ்டர்களைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே, எழுத்து மட்டும்தானே" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் 1914இல் சுவிட்சர்லாந்தின் ராப்பர்ஸ்வில்லில் பிறந்தவர். வரையத் தெரியாமல் எழுத்துக்கு வந்தவர் இல்லை. ஆரம்பத்தில் சித்திரம், நாடக மேடை, கண்காட்சி என்றுதான் வேலை செய்தார். பிறகு ஒவ்வொன்றாக விட்டார். ஜூரிச்சின் டோன்ஹாலே இசை அரங்குக்கு 1950களின் தொடக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கும் மேலாக அவர் செய்த போஸ்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அப்படி விட்டுக்கொண்டே போனது தெரியும்.

1955இல் செய்த பீத்தோவன் போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார். பீத்தோவனின் முகமும் இல்லை, வாத்தியமும் இல்லை. ஒரே மையத்தைச் சுற்றிக் கறுப்பு வளைவுகள். மெல்லியதாகத் தொடங்கி, வெளியே போகப் போகப் பருக்கின்றன. படிக்குப் படி அகலம் இரட்டிப்பாகிறது. கணக்குப் போட்டுச் செய்ததுதான். ஆனாலும் எனக்கு அதில் ஆர்கெஸ்ட்ரா எழும்பிவருவது கேட்கிறது. நிகழ்ச்சி விவரம் நடுவில் சின்னதாக, அடக்கமாக இருக்கிறது. முல்லர்-ப்ராக்மனின் மனைவி வெரீனா வயலின் கலைஞர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

1960களில் அந்த வளைவுகளும் பல போஸ்டர்களில் காணாமல் போயின. ஆக்ஸிடென்ஸ் க்ரோடெஸ்க் என்ற அலங்காரமில்லாத எழுத்து, ஓரிரண்டு வண்ணம், தாராளமான காலியிடம், அவ்வளவுதான். இங்கேதான் நீ சலித்துக்கொள்கிறாய். நான் இங்கேதான் அவரை அதிகம் மதிக்கிறேன். போஸ்டரில் அவர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. வாசிக்கப்போகிறவர்களையும் அவர்கள் வாசிக்கப்போகும் இசையையும் முன்னே விட்டார்.

இதெல்லாம் வறட்சி என்று தோன்றினால், சுவிஸ் ஆட்டோமொபைல் கிளப்புக்காக 1953இல் அவர் செய்த 'குழந்தையைக் காப்பாற்றுங்கள்!' போஸ்டரைப் பார். முன்னால் பிரம்மாண்டமாக ஒரு மோட்டார் சைக்கிள், எதிரே சின்னதாக ஓடும் குழந்தை. அதைச் செய்தவரை ஈரமில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம், 1981இல் வந்த அவருடைய கிரிட் பற்றிய புத்தகத்தை மகள் கட்டாயம் படிக்கட்டும். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து எழுத்தையும் படத்தையும் எங்கே நிறுத்துவது என்பதை அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறார். ஆனால் கட்டத்தை மட்டும் காப்பியடித்தால் உயிரில்லாத பக்கம்தான் வரும். அப்படி வந்தவை ஏராளம். எதற்காகப் போஸ்டர் செய்கிறோமோ அதில் அவள் முதலில் மூழ்கட்டும்.

சரி, அம்மாவின் கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். மகளுடைய முதல் வேலைகளை எடுத்துவைக்கச் சொல், உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்