பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கம்: பெற்றோர் கலந்துரையாடல்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை, 2018 மார்ச் முதல் நடந்துவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கியிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறைவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், பிளஸ் ஒன் பாடங்களை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டாண்டுகளும் பிளஸ் டூ பாடங்களையே உருப்போட வைத்த பள்ளிகளின் போக்கைத் தடுக்கத்தான் அத்தேர்வு கொண்டுவரப்பட்டது என்பதையும், நீட் தேர்வில் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பழைய வழக்கம் திரும்பினால், நியூட்டனின் விதிகளையும் வெப்ப இயக்கவியலையும் நம் பிள்ளைகள் அரைகுறையாகக் கற்று, கல்லூரியின் முதலாண்டிலேயே திணற நேரிடும்.

இதுபற்றிப் பேச, நவம்பர் 16, ஞாயிறு மாலை 4 மணிக்குக் கிளை நூலக மாடியில் கூடுகிறோம்.

1. கொள்கை ஆவணத்தில் தேர்வும் மதிப்பீடும் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

2. பிளஸ் ஒன் பயிலும் பிள்ளைகளின் இயற்பியல், கணித நோட்டுகளைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். எந்தப் பாடம்வரை உண்மையில் நடத்தப்பட்டிருக்கிறது என்பது அவற்றைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

3. இருமொழிக் கொள்கையும் முக்கியமானதுதான். அதற்கெனத் தனியே ஒரு நாள் ஒதுக்குவோம்.

4. பள்ளித் தலைமையாசிரியரிடம் அளிக்கவேண்டிய கோரிக்கை மனுவை அன்றே எழுதி முடிப்போம்.

5. வருகையைப் பிள்ளையின் வகுப்புடன் புதன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். வர இயலாதோர் தங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள்.

ஒருங்கிணைப்பாளர்