இழைப்பு மேசை பற்றிச் செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய வரைபடம் பார்த்தேன். இழுப்பறை, சக்கரம், மடக்குக் கால், எல்லாவற்றையும் எடுத்துவிடும்மா. இழைப்புளி தள்ளும்போது மேசை ஒரு நூல்கூட (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) நகரக் கூடாது, அவ்வளவுதான்.

தேக்கு வேண்டாம், காசுக்குக் கேடு. வைரம் பாய்ந்த வேம்பு வாங்கு. மாமரம் மலிவுதான், ஆனால் சீக்கிரம் உளுத்துவிடும். மேற்பலகைக்கு 3 அங்குலச் சதுரத்தில் ஆறடிச் சட்டம் 7, கால்களுக்கு 4க்கு 4, குறுக்குச் சட்டங்களுக்கு 5க்கு 2. சேதாரத்தோடு ஐந்தரை கன அடி கேள். பச்சை மரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், காய்ந்ததா என்று பார்த்து வாங்கு.

ஏழு சட்டத்தையும் ஒரே மூச்சில் ஒட்டாதே. கடைசிக்கு வருவதற்குள் முதல் பசை இறுகிவிடும். இரண்டு மூன்றாக ஒட்டிச் சேர். ரேகை ஒரே பக்கம் ஓடட்டும், இல்லாவிட்டால் பின்னால் இழைக்கும்போது பிசிறு கிளம்பும்.

ஆட்டத்தைத் தடுப்பது கழுந்தும் (சட்டத்தின் நுனியில் செதுக்கும் நாக்கு) அது காலில் நுழையும் துளையும்தான். கழுந்து ஆறு நூல் கனம், இரண்டரை அங்குல நீளம். நீளச் சட்டமும் அகலச் சட்டமும் ஒரே உயரத்தில் வந்தால் துளைகள் காலுக்குள் முட்டிக்கொள்ளும். ஒன்றை ஆறங்குலம் ஏற்றி வை. பசையை மட்டும் நம்பாமல் மர ஆணி அடி. காலில் மூன்று நூல் துளை போட்டு, கழுந்தைச் செருகி, துளை வழியாகத் துரப்பண நுனியால் புள்ளி வை. கழுந்தை உருவி, அந்தப் புள்ளியிலிருந்து அரை நூல் தோள் பக்கம், அதாவது கழுந்து சட்டத்தோடு சேரும் படிப் பக்கம், தள்ளித் துளையிடு. ஆணி இறங்க இறங்கச் சட்டம் காலோடு இழுபடும். எதிர்ப்பக்கம் தள்ளினாயோ, மூட்டு வாயைப் பிளக்கும். புள்ளி வைத்ததும் தோள் எந்தப் பக்கம் என்று பென்சிலால் அம்பு போட்டுக்கொள்.

உயரத்துக்கு, செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்கு. தரையிலிருந்து அதுவரை. உனக்கு 30 அங்குலம் வரலாம். அதற்கு மேலே போனால் உடம்பு எடை இழைப்புளியில் இறங்காது, தோள்தான் வலிக்கும்.

பலகையைக் காலோடு ஒட்டிவிடாதே. ஐப்பசியில் அகலம் கூடும், சித்திரையில் குறையும். முன்பக்கம் இறுக்கித் திருகு, பின்பக்கத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீண்டதாகப் போடு. முன்கால்களின் முகமும் பலகை விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் நீளப் பலகையைப் பக்கவாட்டில் கட்டி இழைக்க முடியும்.

வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசினால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடு.

அப்பா