பதினைந்து நாளுக்கு ஒரு லாரி: மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உள்ளாட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். குழாய் எட்டாத வீடுகளுக்கு இனி பதினைந்து நாளுக்கு ஒரு நடைதான் தண்ணீர் லாரி என்று நீங்கள் போட்ட உத்தரவைப் பற்றி எழுதுகிறேன். லாரிகளால் சாலை கெடுகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது என்பவை நீங்கள் சொல்லும் காரணங்கள். நேற்று எங்கள் லாரியைப் பாதி வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நாள் முன்கூட்டி வந்துவிட்டதாம்.

ஒரு நடைக்கு 4,000 லிட்டர். வீட்டில் ஆறு பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 44 லிட்டர். அடிப்படைத் தேவைக்கே 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் என் அம்மா. படுத்த படுக்கை. ராத்திரி விரிப்பு நனைந்தால் துவைக்க வேண்டும், அலச வேண்டும். அலசிய தண்ணீரை எடுத்துவைத்துக் கழிப்பறைக்கு ஊற்றுகிறோம். போன வாரம்தான் கவனித்தேன், சாயங்காலத்துக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. கேட்டால் தாகமே இல்லை என்கிறார். தொட்டியில் எத்தனை சாண் இருக்கிறது என்று மட்டும் தினமும் தவறாமல் விசாரிக்கிறார்.

வாரம் ஒரு நடை அனுமதியுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சாலை கெடுகிறது என்கிறீர்கள். 4,000 லிட்டர் தண்ணீர் நான்கு டன். அதே சாலையில் விடிய விடிய ஜல்லி லாரிகள் போகின்றன. ஜல்லி பஞ்சு மாதிரி இருக்கும் போலும். நிலத்தடி நீர் இறங்குகிறது என்கிறீர்கள். அது நியாயமான கவலைதான், மறுக்கவில்லை. அப்படியென்றால் லாரிகள் நிரப்பும் இடத்தில் மீட்டர் வைத்து, எடுக்கும் அளவுக்கு வரம்பு போடுங்கள். மன்ற வாசலில் துள்ளும் நீரூற்றுக்கும் ஒரு மீட்டர் வைக்கலாம். அப்புறம், தண்ணீரில் போட்ட குளோரின் தொட்டியில் கிடக்கக் கிடக்கக் குறைந்துகொண்டே போகும். பன்னிரண்டாம் நாள் நாங்கள் குடிப்பதற்கு யார் பொறுப்பு? குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010-லேயே தீர்மானம் போட்டது. இந்தச் சாலையில் வர அதற்கும் அனுமதிச்சீட்டு கிடைக்கவில்லையோ என்னவோ.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். வாரம் ஒரு நடை. எல்லோருக்கும் முடியாதென்றால், நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்காவது. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தொட்டியில் இன்று ஒரு சாண் இருக்கிறது. அம்மாவிடம் மூன்று என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
குழாய் எட்டாத வீடுகளில் ஒன்றிலிருந்து